விதைக்கு விட்ட பாதி

நாற்றுப்பண்ணை மேடம் நூறு தடவை சொல்லிவிட்டார். "அக்கா, கசப்பு வேர் விதை ஒரு கைப்பிடி போதும். நாளைக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். வரலைன்னா அந்தப் பாத்தியில ரோஜா வைக்கச் சொல்லிட்டாங்க மேலதிகாரிங்க."

கசப்பு வேருக்கு ரோஜா ஈடா? இந்த மலையில் காய்ச்சல் என்றால் அந்த வேரைத்தான் இடித்துக் கொடுப்போம். மூன்று வருடமாகக் கண்ணில் படவில்லை.

எனக்கென்று ஓர் இடம் இருந்தது. வேர் பிடுங்கும் எங்கள் குடும்பத்தில் அவரவர் இடத்தைப் பற்றிக் கட்டின புருஷனிடம்கூட மூச்சு விடக் கூடாது. பாதியைப் பிடுங்குவேன், பாதியை விதைக்கு விடுவேன். அடுத்த முறை போனால் விட்டதில் பாதியைக் காணோம். எந்தக் களவாணியோ! அவன் எடுப்பதற்குள் நாமே எடுப்போம் என்று நானும் கூடுதலாகவே பிடுங்கினேன். கடைசியில் வெறும் மண்தான் மிச்சம்.

வேறு வழியில்லாமல் தம்பி வீட்டுக்குப் போனேன். அவனுக்கும் இதே தொழில்தான். வாசலில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"உன் இடத்துல ரெண்டு செடியாவது நிக்குதாடா?"

"எங்க நிக்குதுக்கா! நான் விதைக்குன்னு பாதிய விட்டுட்டு வருவேன், எவனோ திருட்டுப்பய கை வெச்சிருவான். மொத்தமா வழிச்சிட்டுப் போயிட்டான், நாசமாப் போறவன்!"

"எந்த இடம்னு இப்பவாவது சொல்லித் தொலை. அதான் ஒண்ணும் மிச்சமில்லையே."

யோசித்தான். "கிழக்கால ஏறினா உச்சிப்பாறை. அதுக்குப் பின்னால."

நான் மேற்காலே ஏறுவேன். அதே பாறைதான். அதே மண்தான்.

நான் அதைச் சொன்னதும் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். அவனை ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. என்னை யார் அறைவது?

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"நீ சொன்னியா?"

மிச்சம் இருப்பவர் சித்தப்பா. அவரும் வேர்க்காரர். ரெண்டு பேரும் ஓடினோம். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினோம். நிதானமாகக் கேட்டார்.

"என் இடத்தையா? அதெல்லாம் சொல்றதில்ல."

"சித்தப்பா, நாளைக்குள்ள விதை வேணும்! நீங்களே போய் எடுத்துட்டு வாங்க, நாங்க பின்னாடி வரல."

"மோப்பம் பிடிச்சு வருவீங்க."

"சரி, செடி இருக்கா இல்லையா? அதையாவது சொல்லுங்க!"

"அதையும் சொல்றதில்ல."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். தம்பி கதவை உதைத்தான். நானும் ஓர் உதை விட்டேன்.