அது வேற டேபிளுங்க

என் கல்யாணத்தை நிறுத்தியது ஒரு கம்பி மத்தாப்பு. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஊரே சிரித்தாயிற்று.

அண்ணன் இளஞ்செழியன் பெங்களூரில் ஒரு நைட் கிளப்பில் வேலை பார்த்தான். லீவுக்குக் கீழ்பென்னாத்தூர் வந்தால் அதே பேச்சுதான். பாரிஸில் ஏதோ கிளப்பில் எல்லோரும் ஆடப் போய்விட, மேசைகள் காலியாகக் கிடந்தனவாம். முழு பாட்டில் வாங்கினால் மேசை உனக்கு என்று ஆரம்பித்தார்களாம். அது அமெரிக்கா போய் அந்தஸ்தாகி, பம்பாய்க்கும் பெங்களூருக்கும் வந்து சேர்ந்ததாம்.

"பாட்டில்ல மத்தாப்பு கொளுத்தித் தூக்கினு போவோம் கவி. குடிக்கிறவனுக்காக இல்ல, பக்கத்து டேபிள்காரன் வயிறு எரியணும்."

இவ்வளவு தெரிந்த மகராசன்தான், 2008இல், என் கல்யாண வரவேற்பில் அதைச் செய்தான்.

மண்டபம் வேங்கிக்காலில். பக்கத்து லாட்ஜ் மொட்டை மாடியில் மாப்பிள்ளை வீட்டு ஆண்களுக்குத் தனி ஏற்பாடு. அங்கே மாப்பிள்ளை மூர்த்தியின் சிநேகிதர்கள் மேசைக்கு, மத்தாப்பு பொரியப் பொரிய முழு பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் போயிருக்கிறான். அடுத்த மேசையில் மூர்த்தியின் பெரியப்பா சகாதேவன். இந்தச் சம்பந்தத்தையே பேசி முடித்தவர். அவர் கையில் பிளாஸ்டிக் டம்ளர்.

"ஏம்பா, பசங்களுக்கு முழு பாட்டிலு, எங்களுக்கு ஊத்திக் குடுக்கறதா?"

இன்னொரு பாட்டிலை வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டிருந்தால் முடிந்திருக்கும். இவன் கிளப் பழக்கத்தில் பல்லைக் காட்டி, "அது வேற டேபிளுங்க" என்றிருக்கிறான்.

பெரியப்பா டம்ளரைக் கவிழ்த்துவிட்டு இறங்கினார். பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டுச் சனம் மொத்தமும் வேனில் ஏறியது. மேடையில் என் பக்கத்தில் நின்றிருந்த மூர்த்தி, "சமாதானம் பண்ணி இட்டுனு வந்துடறேன்" என்று மாலையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். விடிந்து முகூர்த்தம் தாண்டும் வரை அந்த மாலையோடு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை, கோழை.

அதற்குள் மத்தாப்பு பாட்டில் ஊரில் பிரபலமாகிவிட்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் அண்ணனைத் தேடி வந்தார்கள். கிளப் வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கிக்கொண்டான். மறு வருஷம் மூர்த்திக்கு வேறு பெண்ணோடு கல்யாணம். அவர்களும் கூப்பிட்டார்கள். இவனும் போனான்.

"தொழில் வேற, சொந்தம் வேற கவி."

முதல் மத்தாப்பு பெரியப்பா மேசைக்குத்தானாம். திரும்பி வந்தவன் அந்தக் கல்யாணத் தாம்பூலப் பையை என்னிடம் நீட்டினான். மூர்த்தி பெயருக்குப் பக்கத்தில் எவளோ ஒருத்தி பெயர். என் பெயர் அச்சடித்த பைகள் இன்னும் கட்டுப் பிரிக்காமல் பரண்மேல் கிடக்கின்றன.