கதவு திறந்தே இருக்கும்

கையில் மஞ்சள் கொடியோடு, மணிக்கூண்டுக்குக் கீழே கப்பலில் வந்த சுற்றுலாப் பயணிகள் இருபத்திரண்டு பேரை நிறுத்தி, வெள்ளைக்கார ராணி ஆண்ட அறுபது வருஷத்துக்கு, வருஷத்துக்கு ஓர் அடி வீதம் இதைக் கட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணன் போனில் கூப்பிட்டான்.

"ஹூன், அப்பாவக் கூடத்துக்கு மாத்திட்டோம்."

"யாரு மாத்துனது?"

"நானும் பக்கத்து வீட்டு கெய்க் அக்காவும். மூச்சு இழுக்குது. உன் பேரத்தான் விட்டுவிட்டுச் சொல்லிட்டிருக்காரு."

எங்கள் சீன ஆட்கள் யாரும் படுக்கையறையில் சாவதில்லை. முடியப்போகிறது என்று தெரிந்ததும் முன்கூடத்தில் பலகை போட்டுக் கிடத்திவிடுவோம். கால் வாசலைப் பார்த்திருக்கும். சாமி மாடத்தைச் சிவப்புத் தாளால் மூடிவிடுவோம், சாமி சாவைப் பார்க்கக் கூடாது. மூச்சு நிற்கும்போது பெற்ற பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி யாருமில்லாமல் போனவர்களைப் பற்றி எங்கள் படகுத்துறையில் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

ஆனால் போன மாதமும் இப்படித்தான் மாற்றினோம். கப்பல்காரர்களைக் கோட்டை வாசலில் அம்போவென்று விட்டுவிட்டு ஓடினேன். மூன்றாம் நாள் அப்பா எழுந்து உட்கார்ந்து பன்றிக்கறிக் கஞ்சி கேட்டார். "என்னடி, அதுக்குள்ள கறுப்புச் சட்டை?" என்று கிண்டல் வேறு. சுற்றுலாக் கம்பெனியில் மூன்று வாரம் என்னைக் கப்பலுக்கே கூப்பிடவில்லை. இன்னொரு தடவை இப்படிச் செய்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்றார்கள்.

"பதினோரு மணிக்கு நான் அங்கதான வர்றேன்? கடைசியா பாக்கிற இடமே நம்ம துறைதான். சீக்கிரம் முடிச்சிட்டு வர்றேன்."

"அப்ப கதவச் சாத்திடவா? கப்பல்காரங்க எட்டி எட்டிப் பாப்பாங்களே. அக்கம்பக்கத்துல தீட்டுக்குப் பயந்து எல்லாரும் சாத்திட்டாங்க."

"பைத்தியமா உனக்கு? போற உசுரு எந்த வழியாப் போகும்? தொறந்தே வை."

வழியை மாற்றி எல்லாரையும் முதலிலேயே துறைக்குக் கூட்டிப்போயிருக்கலாமே என்று அண்ணன் பிறகு கேட்டான். எனக்குத் தோன்றாமலா இருந்தது? அப்பா வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதை இருபத்திரண்டு பேர் பார்ப்பதா என்று மானம் தடுத்தது. ஆறு வருஷமாக அடுத்தவர்கள் வீட்டுக் கூடத்தையெல்லாம் காட்டிப் பிழைத்தவளுக்கு அன்றைக்குத்தான் மானம் வந்தது.

எங்கள் துறை என்பது கடலுக்குள் கால் நட்டு நிற்கிற ஒரு தெரு. கீழே சேறு, மேலே பலகை, இரண்டு பக்கமும் வீடு. இந்தப் பினாங்கில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போனதையெல்லாம் கடமைக்குப் பார்ப்பவர்கள் எங்கள் வீடுகளுக்கு வந்ததும் வாயெல்லாம் பல்லாகிவிடுவார்கள். "எங்க துறையில கதவப் பூட்டறதே இல்லை. தாராளமா எட்டிப் பாருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்பது என்னுடைய வசனம். கெய்க் அக்கா ஒருநாள் கரண்டியும் கையுமாக வந்து, "ஏண்டி, எவனோ என் அடுப்படி வரைக்கும் வந்து நிக்கிறான். நீயா சோறு போடுவ?" என்று தெருவே சிரிக்கக் கத்தினாள். அப்பாவும் அரைக்கால் சட்டையோடு எத்தனையோ ஊர்க்காரர்களின் போட்டோவில் இருக்கிறார். அவர் சினமெல்லாம் என் பெயர்மேல்தான். கப்பல்காரர்களுக்கு வாயில் நுழையட்டும் என்று நான் ஜென்னி என்று வைத்துக்கொண்டேன். "ஜென்னியாம் ஜென்னி. சியூ ஹூன்னு நான் வச்ச பேருக்கு என்ன கேடு?" என்பார்.

அன்றைக்குக் கோட்டையில் பீரங்கிக் கதையைச் சொல்லவில்லை. கடைத்தெருவில் யாரையும் பூமாலை வாங்க விடவில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை வெளியே நின்றே காட்டினேன். "என்ன ஜென்னி, பின்னாடி நாய் துரத்துதா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

ஆர்மீனியன் தெருச் சுவர் ஓவியத்தில் மாட்டிக்கொண்டேன். படம் எடுக்க நீள வரிசை. யாரும் அசைவதாக இல்லை. காத்திருந்தவர்களுக்குப் பொழுதுபோக வேண்டுமே, வாய் வழக்கம்போல ஓட ஆரம்பித்தது. "அப்பா அம்மா சாகும்போது பக்கத்துல இல்லாத பொண்ணு நடந்து வீட்டுக்குள்ள போகக் கூடாது. வாசல்லயிருந்து முட்டி போட்டு, அழுதுக்கிட்டே ஊர்ந்து போகணும்" என்று சொல்லி, இரண்டு எட்டு நடித்தும் காட்டினேன். எப்போதும் நன்றாக எடுபடும் இடம் அது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. போனை எடுத்து, "பத்தே நிமிஷம்" என்று அண்ணனிடம் சொன்னேன். பொய்.

கூட்டத்தில் இருந்த திருமதி ஆல்டர்சனுக்கு எண்பது வயதிருக்கும். முட்டி வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. ஒரு ரிக்‌ஷாவை நிறுத்தி ஏற்றிவிட்டேன். "நீங்க முன்னாடி எங்க துறைக்குப் போங்கம்மா. கதவு திறந்திருக்கிற வீடாப் பாத்து உக்காருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." வாய் தானாகச் சொன்னது. எல்லா வீடும் சாத்தியிருக்கிறது, ஒரே ஒரு கதவுதான் திறந்திருக்கிறது என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை.

துறைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று நாற்பது. தெருமுனையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

"எவ்வளவு நேரமாடி? வா, ஓடி வா!"

"நீ ஏன் இங்க நிக்கிற? அப்பாகிட்ட யாரு இருக்கா?"

"பத்து நிமிஷம்னியே, உன்னக் கையோட கூட்டிட்டுப் போயிடலாம்னு... இப்பத்தான் வந்தேன்." அவன் சட்டை முதுகு வெயிலில் தொப்பலாக நனைந்திருந்தது. வந்து வெகு நேரமாகியிருந்தது.

பலகை தடதடக்க ஓடினோம். இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள், கெய்க் அக்கா வீட்டுக் கதவும்தான். எங்கள் வீடு மட்டும் திறந்து கிடந்தது. உள்ளே, பலகையை ஒட்டி முக்காலியில் திருமதி ஆல்டர்சன் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில் இருந்தது. ஒரு கை அப்பாவின் கைக்குள் இருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்து, உதட்டில் விரல் வைத்தார்.

"தூங்கிட்டார் ஜென்னி. நீ சொன்னியேன்னுதான் உள்ள வந்தேன். கையப் பிடிச்சவர் விடவே இல்லை. என் சொந்த மனுஷர் மாதிரி அவ்வளவு அன்பா."

அண்ணன் அப்பாவின் நெஞ்சையே பார்த்தான். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"திரும்பத் திரும்ப ஒண்ணே ஒண்ணு சொன்னார்" என்றார் திருமதி ஆல்டர்சன். "சியூ ஹூன், சியூ ஹூன்னு. எனக்கென்ன புரியும்? ஒவ்வொரு தடவையும் ஆமா, ஆமான்னு சொன்னேன். அப்புறம் நிம்மதியாயிட்டார். அப்படின்னா என்ன ஜென்னி?"



பின்னால் பலகை அதிர்ந்தது. இருபத்தோரு பேரும் வந்துவிட்டார்கள். என் கையிலிருந்த மஞ்சள் கொடி கீழே விழுந்தது. வாசற்படியில் முட்டி போட்டேன். அழ வேண்டும், சத்தம் வரவில்லை. கையை முன்னால் ஊன்றி ஊர்ந்தேன். "இங்க பாருங்க, அவ சொன்னாளே, அதே சடங்கு!" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். கேமரா சத்தம் ஒன்று, இன்னொன்று.

நான் வருவதைப் பார்த்த திருமதி ஆல்டர்சன் பதறிப்போய் வழிவிட எழப் பார்த்தார். முடியவில்லை. அப்பாவின் விரல்கள் அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தன. கால்களை மட்டும் தூக்கிக்கொண்டார். அந்தக் கால்களுக்குக் கீழே நான் போனேன்.