யார் வீட்டுப் புலுல்?

ஜீப்பிலிருந்து இறங்கிய மணிலா அதிகாரி செரபினா, சுற்றியிருந்த துணியைப் பிரித்து மரச்சிற்பத்தை வெளியே எடுத்ததும் ஊரே ஓரடி பின்வாங்கியது. முழங்கால் மேல் கைவைத்துக் குந்தியிருக்கும் ஆண் உருவம். நெற்களஞ்சியத்தைக் காவல் காக்கும் புலுல். எழுபது வருடமாக ஏதோ ஓர் அருங்காட்சியகத்தில், 'வடக்கு மலைவாசிகளுடையது' என்று ஒரே ஒரு வரி எழுதிய சீட்டோடு கிடந்ததாம். எந்த வீட்டுடையது என்று தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம்.

"யாருக்காவது அடையாளம் தெரியுதா?" என்று கேட்டார் செரபினா.

ஒருவருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எழுபது அறுவடையாகப் பன்றி ரத்தத்தையும் நெல்சாராயத்தையும் கண்ணால் பார்க்காத புலுல் அது. 'என்னுடையது' என்று வாய் திறந்தவர் அன்றைக்கே பன்றி வெட்டி புலுலின் தலையில் ரத்தம் வார்க்க வேண்டும். கறியை ஒரு சொந்தபந்தம் விடாமல் பங்கு வைக்க வேண்டும். இஃபுகாவோ மலையில் கறி தின்ன ஆளுக்கா பஞ்சம்? பன்றி கொடுக்கத்தான் ஆளில்லை.

இந்துமாய்க்கு மட்டும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, தாத்தா செதுக்கியது. இதன் ஜோடிப் பெண் உருவம் அவள் களஞ்சியத்தில்தான் இருக்கிறது. ஜீப்பில் ஓர் ஆண் புலுல் வரும் சேதி காலையிலேயே எட்டியதும், அதை வைக்கோல் போட்டு மூடிவிட்டு வந்திருந்தாள். அவள் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. இருப்பதோ ஒரே ஒரு பன்றி. பத்து நாளில் மகன் குமாங்கனுக்குக் கல்யாணம். அந்தப் பன்றி பெண் வீட்டுக்குப் போகாவிட்டால் பெண்ணும் வராது.

பெண்ணின் அப்பா புகோங், பக்கத்தில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். அவனுடைய வாய் சும்மா கிடந்ததாகச் சரித்திரமே இல்லை.

"மேடம், இது எங்க ஊரு வேலையே இல்ல. கீழூர்க்காரனுங்க செஞ்சிருப்பானுங்க. முழங்காலப் பாருங்க, வயித்தால போறவன் குந்தின மாதிரி!"

எல்லோரும் சிரித்தார்கள். இந்துமாய் தரையைப் பார்த்தாள்.

"அது மூக்கா, சேப்பங்கிழங்கா?"

பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"செதுக்குனவன் நல்லா ஊத்திக்கிட்டு ஒக்காந்திருப்பான். பொண்டாட்டி தொரத்திவிட்ட அன்னிக்குச் செஞ்சது போல!"

"யோவ் சம்பந்தி! எங்க தாத்தா ஒரு சொட்டு தொடாம, ஒரு மாசம் வெரதம் இருந்து செதுக்குனதுய்யா இது! சேப்பங்கிழங்கு உன் மூஞ்சியில இருக்கு, போய்க் கண்ணாடியில பாரு!"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. "அப்போ இன்னிக்குக் கறிதான்!" என்று யாரோ கத்த, ஒரே ஆரவாரம். புகோங்குக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது. போகப்போவது யார் வீட்டுக்கு வரவேண்டிய பன்றி என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அவசரப்படாத சம்பந்தியம்மா," என்று ஒரேயடியாகக் குழைந்தான். "உங்க தாத்தா எவ்ளோ பெரிய கைகாரரு! அவரு கையில இந்த அசிங்கம் வருமா? மேடம், எழுதிடாதீங்க."

"ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?" என்றார் செரபினா.

தப்பிக்க நல்ல வழி. 'ஆத்திரத்துல ஒளறிட்டேன்' என்று சொன்னால் போதும். அது நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் ஜீப் ஓட்டுநர் புலுலை மறுபடி துணியில் சுற்ற ஆரம்பித்தான், ஏதோ சந்தையில் விலைபோகாத பூசணிக்காயைச் சுற்றுவதுபோல. அவளுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போய்க் களஞ்சியத்தில் ஏறி வைக்கோலைத் தள்ளி, பெண் உருவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இரண்டு உருவங்களையும் கிடத்தி, அடியோடு அடி சேர்த்து வைத்தாள். ஒரே கட்டையை நடுவில் அறுத்துச் செய்தவை. ஆணின் அடியில் ஓடிய விரிசல், மயிரிழை பிசகாமல் பெண்ணின் அடியில் தொடர்ந்தது. செரபினா அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்தார்.

"எழுபது வருசமா ஒத்தையில ஒக்காந்திருந்தா இவ," என்று இந்துமாய் பெண் உருவத்தின் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். "நான் வேற இன்னிக்கு வைக்கோலப் போட்டு மூடிட்டேன். பாவி நான்."

மதியத்துக்குள் பன்றி விழுந்தது. அதன் பித்தப்பையைப் பார்த்த ஊர்ப் பூசாரி நல்ல சகுனம் என்றார். இரண்டு புலுல்களின் தலையிலும் ரத்தம் வழிந்தது. புகோங் தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பங்கை இலையில் வைத்து இந்துமாயே கொண்டுபோனாள்.

"என் பன்னி," என்று முனகினான்.

"புலுல் பங்கு வேணாங்கிறியா? சொல்லு, பூசாரியக் கூப்பிடுறேன்."

புலுலுக்குப் படைத்ததை வேண்டாமென்று சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்? எடுத்து வாயில் போட்டான். பிள்ளைக்கு மருந்து கொடுத்தவள்போல, விழுங்கும்வரை அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஊருக்கே கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"பூசாரி! மாப்ள வீட்டுப் பன்னியப் பொண்ணோட அப்பன் தின்னா என்ன அர்த்தம்?"

பூசாரி வாயிலிருந்த எலும்பை எடுத்தார். "சம்மதம்னு அர்த்தம். சகுனமும் நல்லாருக்கு. பத்து நாள் எதுக்கு? இப்பவே பொண்ணக் கூட்டிட்டு வாங்க."

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. புகோங் சிரிக்கவில்லை. இலையையே வெறித்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்விடுவானோ என்று இந்துமாய் ஓரடி முன்னால் வந்து நின்றாள். கடைசியில் காலி இலையை அவள் பக்கம் நீட்டினான்.

"பொண்ணப் பெத்தவனுக்கு இத்தனூண்டு துண்டா? தொடை எங்க, சம்பந்தியம்மா?"