முப்பத்தெட்டுத் தோள்கள்

அறிவியல் டீச்சருக்கு அந்தப் பள்ளியில் அது பத்தொன்பதாவது வருஷம். கணவருக்கு மருந்துக்கடையில் வேலை. "வீட்டுல தைலத்துக்குப் பஞ்சமில்ல, தேய்ச்சுவிடத்தான் ஆளில்ல" என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தபடி சொல்வார். இடது தோள்வலி இரண்டு வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. வகுப்பு போக, மாணவர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையும் அவர் தலையில்தான். "உங்களால மட்டும்தான் முடியும் டீச்சர்" என்று தலைமையாசிரியை சொன்னபோது தலையாட்டிவிட்டதன் பலன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பீரியட், ஏழாம் வகுப்பு பி பிரிவு. போர்டில் இலை வரைந்துகொண்டிருந்தவர் வலி பொறுக்காமல் வலது கையால் இடது தோளை அமுக்கியபடி திரும்பினார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் வலது கையால் இடது தோளை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, நக்கலா?"

கைகள் ஒன்றாக இறங்கின. முன்வரிசை ரெட்டைச்சடைக்காரி திருதிருவென்று விழித்தாள். "என்ன மிஸ்? நாங்க ஒண்ணும் பண்ணலையே."

பிள்ளைகளின் பொய் எப்படி இருக்கும் என்பது டீச்சருக்கு அத்துப்படி. அந்த முகத்தில் பொய் இல்லை.

மறுநாள் பாடம் நடுவே ஒரு பெருமூச்சு விட்டார். வகுப்பே விட்டது. சுவரில் தொங்கிய சார்ட் லேசாக அசைந்தது.

வெள்ளிக்கிழமை பி.டி. சார் பிடித்துக்கொண்டார். "உங்க கிளாஸ் பசங்களுக்கு என்ன ஆச்சு டீச்சர்? ஓடச் சொன்னா பென்ஷன் வாங்கப் போறவங்க மாதிரி நடக்கிறாங்க."

திங்கட்கிழமை ரெட்டைச்சடைக்காரியின் அம்மா வந்தாள். தையல்காரி. ரவிக்கையில் குத்திய ஊசிகூட அப்படியே இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க மிஸ். என் பொண்ணு தினமும் காலையில ஷூ மாட்டும்போது 'இன்னும் பதினாலு வருஷம்தான்'னு முணுமுணுக்கிறா. என்னடி கணக்குன்னு கேட்டா, நான் அப்படிச் சொல்லவே இல்லையேங்கிறா."

டீச்சர் ஓய்வு பெற இன்னும் பதினாலு வருஷம். தினமும் காலையில் செருப்பு மாட்டும்போது மனசுக்குள் சொல்லிக்கொள்வார். வாய்விட்டுச் சொன்னதே இல்லை, கணவரிடம்கூட.

அந்த வாரமே ஆசிரியர் மனநலப் பயிற்சி என்று எல்லாரையும் அரைநாள் உட்காரவைத்தார்கள். மூச்சை நன்றாக இழுத்துவிடுங்கள், சிரித்த முகத்தோடு வகுப்புக்குள் போங்கள், மற்றது தானாக நடக்கும் என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர். அதையும்தான் பார்ப்போமே என்று மறுநாள் டீச்சர் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். முப்பத்தெட்டு வாய்களும் ஒரே அளவுக்கு விரிந்தன. கண்கள் மட்டும் அசையவில்லை. பன்னிரண்டு வயசு முகங்களில் நாற்பத்தாறு வயசுச் சிரிப்பு. சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்தவர், வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மூன்று நாள் லீவு போட்டார். தான் கண்ணில் படாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு அசந்து படுத்தவர், பி.டி. சாரின் போன் வந்துதான் எழுந்தார்.

"டீச்சர், பயப்படாதீங்க. உங்க கிளாஸ்ல பதினோரு மணியிலிருந்து அத்தனை பேரும் டெஸ்க்ல தலை சாய்ச்சுத் தூங்கிட்டாங்க. உலுக்கினாலும் எழுந்திருக்கல. இப்பதான் ஒண்ணா முழிச்சாங்க. என்ன சாப்பிட்டாங்கன்னு விசாரிச்சிட்டிருக்கோம்."

போனை வைத்தவர் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். ஓடி ஒளிய இடமில்லை. நடித்தும் ஏமாற்ற முடியாது. உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான் போய்ச் சேருகிறது.

மறுநாளே பள்ளிக்கு வந்தார். பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு அலுத்துப்போச்சு. பாடம் அலுக்கல, நீங்களும் அலுக்கல. வேற என்னென்னவோ."

கடைசி பெஞ்சிலிருந்து 'வாத்து' என்று கூட்டாளிகள் கூப்பிடும் பையன் மெதுவாகக் கேட்டான். "உங்களுக்கு என்ன பிடிக்கும் மிஸ்?"

யோசித்தபோது நினைவுக்கு வந்தது ஒரு வெங்காயத்தோல். கல்லூரியில் முதன்முதலாக மைக்ரோஸ்கோப்பில் அதைப் பார்த்த அன்றுதான் டீச்சராவது என்று முடிவு செய்தார்.

ஆய்வுக்கூட அலமாரியில் மைக்ரோஸ்கோப் ஒன்று இருந்தது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று ஆறு வருஷமாகப் பூட்டியே வைத்திருந்தார்கள். சாவியைக் கேட்டு வாங்கினார். கேன்டீனிலிருந்து ஒரு வெங்காயம் வந்தது. தோலை உரித்து, ஒரு சொட்டு நீர் விட்டு, பிள்ளைகளுக்கு முன் தானே குனிந்து பார்த்தார். செங்கல் அடுக்கியதுபோல் அறை அறையாக வெளிச்சம். "அட" என்று தன்னையறியாமல் வாயிலிருந்து வந்தது. எத்தனை நேரம் பார்த்தாரோ.

நிமிர்வதற்குப் பயமாக இருந்தது. முப்பத்தெட்டு முதுகுகள் குனிந்து நிற்கும் என்று நினைத்தார். மெல்ல நிமிர்ந்தார்.

வாத்து யாரையோ இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் யார் முதலில் என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வெங்காயக் காரத்தில் கண்ணைக் கசக்கினாள். இன்னொருத்தி எதிலும் ஒட்டாமல் ஜன்னலுக்கு வெளியே காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் செய்வதை இன்னொருவர் செய்யவில்லை. டீச்சர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

அன்று மதியம் தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

"கம்ப்யூட்டர் வேலையை வேற யாருக்காவது கொடுங்க மேடம். வாரத்துக்கு ரெண்டு பீரியட் லேப் வேணும்."

"திடீர்னு ஏன்?"

சிரித்தாலும் பரவாயில்லை என்று நடந்ததை எல்லாம் சொன்னார். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"போன வருஷம் கடைசி மீட்டிங் ஞாபகமிருக்கா? பேசிட்டே இருந்தப்ப எனக்கு எங்கேயாவது போயிடலாம்னு இருந்துச்சு. ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன். திறந்து பார்த்தா நீங்க இருபத்திரண்டு பேரும் கண்ணை மூடியிருந்தீங்க."

"நானுமா?"

"நீங்க முன்வரிசையில."

டீச்சருக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை.

"யார்கிட்டயும் சொல்லல," என்றார் தலைமையாசிரியை. "சொன்னா என்னைத்தானே டாக்டர்கிட்ட அனுப்புவாங்க?" பிறகு கால அட்டவணையை எடுத்து ரப்பரால் இரண்டு கட்டங்களை அழித்தார்.

லேப் கிடைத்தது. கம்ப்யூட்டர் வேலையை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், மூன்று பேரும் டீச்சரோடு இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பி.டி. சார் மட்டும், பி பிரிவு இப்போது அடங்காத கும்பலாகிவிட்டது என்று சந்தோஷமாகப் புகார் சொன்னார்.

எல்லா நாளும் நல்ல நாளாக அமையவில்லை. தூக்கம் கெட்டு, மனசு கசந்து வரும் காலைகளில் டீச்சர் வகுப்பு வாசலில் கொஞ்சம் நின்று, உள்ளே எழும் இரைச்சலைக் காது கொடுத்துக் கேட்பார். இரைச்சல் இருந்தால் உள்ளே போவார். இல்லையென்றால் நேரே தலைமையாசிரியை அறைக்குப் போய், "மேடம், இன்னைக்கு எனக்கு முடியல" என்று சொல்லிவிடுவார். அங்கே அவருக்கென்றே இன்னொரு நாற்காலி போட்டிருந்தது.