மதில்மேல் ரொட்டி

ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பக்கத்து ஆலிவ் எண்ணெய் ஆலைக்காரர்களுக்குப் பூஞ்சணம் என்றால் ஜென்மப் பகை. ஒரு கூடைக் காயில் பட்டால் போதும், மொத்த எண்ணெயும் நாறிப்போகும். அந்த ஊரில் ஆலை நடத்தும் நஸீஹா அதை வேண்டுமென்றே வளர்த்தாள் என்றால் சும்மாவா?

எல்லாம் அந்தக் கறுப்புத் தண்ணீரால் வந்த வினை. எண்ணெய் பிரித்தபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீர், போன வருஷம் அவள் ஆலைக் குழி நிரம்பி வழிந்து, அடுத்த தோட்டத்து அண்ணன் ஷாத்லியின் பாதாம் மரங்களைக் கருக்கிவிட்டது. "மிச்ச மரம் பூக்கறதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணு. இல்லேன்னா உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று போனவன்தான், திரும்பிப் பார்க்கவில்லை. தாய் தகப்பன் இல்லாதவளுக்குப் பிறந்த வீடென்று மிஞ்சியதே அவன் ஒருவன்தான்.

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் தோழி, அந்தத் தண்ணீரின் கறுப்பைத் தின்னும் வெள்ளைக் காளானின் பூஞ்சண வித்துக் கொஞ்சம் கொடுத்தாள். நஸீஹா அதைக் குக்கரில் அவித்த ரொட்டித் துண்டுகளில் பிடிக்கவைத்து, வைக்கோலோடு கொல்லையின் காலித் தொட்டியில் இறக்கினாள்; நன்றாகப் பரவியதும் கறுப்புத் தண்ணீரை அதன்மேல் விடுவதாக எண்ணம். கணவன் மோன்ஜியிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. பூஞ்சணம் என்றாலே துடைப்பத்தைத் தூக்கும் மனுசன் அவன்.

ஒருநாள் சந்தையிலிருந்து திரும்பியவளுக்கு வாசலிலேயே பிளீச்சிங் வாடை குப்பென்று அடித்தது.

"நீ பாவம், ஒத்த ஆளா அல்லாடறியேன்னு கொல்லைய நானே சுத்தம் பண்ணிட்டேன்" என்றான் மோன்ஜி, முகமெல்லாம் பல்லாக. "தொட்டி பூரா பூஞ்சணம், புள்ள! வைக்கோல எரிச்சு, பளபளன்னு தேச்சு வெச்சிருக்கேன், போய்ப் பாரு!"

நஸீஹா பையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "அட மனுசா! எங்கண்ணனையும் சேத்துக் கழுவி ஊத்திட்டியே!" அழுகையும் கோபமுமாக அத்தனையும் கொட்டினாள். மோன்ஜிக்கு முகம் செத்துவிட்டது.

"நஸீஹா... ரொட்டிய மட்டும் எரிக்கல."

"என்னது?"

"பூஞ்சணம் புடிச்சாலும் ரொட்டி ரொட்டிதானே? குப்பையில போட கை வருமா? முத்தம் குடுத்து மதில்மேல வெச்சிட்டேன், குருவி தின்னட்டும்னு."

விழுந்தடித்து ஓடினாள். குருவிகள் முக்கால்வாசியைக் காலி செய்திருந்தன. ஒரே ஒரு துண்டு, வெள்ளைவெளேரென்று பூஞ்சணம் போர்த்திக்கொண்டு கிடந்தது. அதை எடுத்து முத்தமிட்டாள். பிறகு ஆலையாட்கள் பார்க்கப் பார்க்க, பிளீச்சிங் நாறும் புருஷன் கையிலும் ஒரு முத்தம் வைத்தாள். அவள் வாழ்க்கையில் அந்த ஆள்மேல் அவ்வளவு பிரியம் வந்ததில்லை.

அந்தத் துண்டிலிருந்து வித்து மறுபடி பெருகியது. ரொட்டி அவித்தது, வைக்கோல் மூட்டை கட்டியது, காவல் இருந்தது எல்லாம் மோன்ஜிதான். "பூஞ்சணத்துக்குக் குளிருமேன்னு போர்வை போத்தறேன் பாரு, என் தலையெழுத்து!" என்று புலம்பிக்கொண்டே போர்த்தினான்.

பாதாம் பூத்தது. ஷாத்லி வந்தான், கொல்லை வழியாக. தொட்டியில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு கை அள்ளி மோந்தான், நாக்கு நுனியில் வைத்தான். காறித் துப்பவில்லை. மீதியைக் கொண்டுபோய்த் தன் வேலியோர மரத்தடியில் ஊற்றினான்.

பிறகு வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்து நின்றான்.

"பசிக்குது நஸீஹா. ரொட்டி இருக்கா?"

அவள் கதவை அகலத் திறந்தாள். மோன்ஜி உள்ளிருந்து கத்தினான்: "இருக்கு வா மச்சான்! மதில்மேல இருக்கறத மட்டும் கேக்காதே!"

ஷாத்லி செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியை மிதித்தான்.