மூன்று சாண்

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் எனக்கு முப்பத்தோரு வருடம். இஸ்திரி உருளைக்கு நான்தான் பொறுப்பு. இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு சூடான உருளை சுழன்றுகொண்டே இருக்கும். ஈரமான படுக்கை விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து விறைப்பாக வெளியே வரும். கை மாட்டிக்கொண்டால் இழுக்க முன்னால் ஒரு கயிறு உண்டு. இழுத்தால் உருளை நிற்க வேண்டும்.

நிற்கிறதா என்று தினமும் காலையில் சோதித்துப் பார்ப்பேன். பழைய விரிப்பிலிருந்து கிழித்த நீளத் துணி ஒன்று வைத்திருக்கிறேன், குறுக்கே சிவப்பு நூலில் ஒரு தையல். அந்தச் சிவப்புக் கோடு உருளையின் வாயைத் தொட்டதும் கயிற்றை இழுப்பேன். நின்ற பிறகு, கோட்டைத் தாண்டி எவ்வளவு துணி உள்ளே போயிருக்கிறது என்று சாணால் அளப்பேன். அரைச் சாணுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு வாரம் முன்பு முக்கால் சாண் போனது. போன வாரம் ஒரு சாண். இந்தத் திங்கட்கிழமை மூன்று.

ஒவ்வொரு தடவையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி மேலாளரின் மேசைக்கு அனுப்பினேன். அவர் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. என் மகனைவிடச் சின்னவர், நல்ல பிள்ளை, யாரையும் அதட்ட மாட்டார். ஆனால் வாயிலிருந்து நேராக ஒரு வார்த்தை வராது. முதல் தடவை, "இதை நம்ம ரேடார்ல வச்சுக்கலாம்மா" என்றார். இரண்டாவது தடவை, "இதுல ஒரு டீப் டைவ் பண்ணணும்" என்றார். எங்களிடம் ஆழமாக இருப்பது துவைக்கிற தொட்டி ஒன்றுதான், அதில் அவர் குதித்ததாகத் தெரியவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று நினைத்துக்கொண்டேன்.

உருளைக்குத் துணி கொடுப்பவள் என் மருமகள். மாமியாரும் மருமகளும் எட்டு வருடமாக ஒரே இடத்தில் சண்டையில்லாமல் வேலை பார்க்கிறார்கள் என்று எல்லோருக்கும் ஆச்சரியம். சண்டை உண்டு, உருளைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மாடியில் மாதக் கூட்டம். நான் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் அவள் என் முந்தானையைப் பிடித்தாள்.

"அத்தை, ஓய்வுக்கு இன்னும் அஞ்சே மாசம். அங்க போய் வாயைக் குடுத்து மாட்டிக்காதீங்க."

"நீ கையைக் குடுத்து மாட்டிக்காம இருந்தா போதும். நான் வர்ற வரைக்கும் யாரும் சுவிட்ச் போடக் கூடாது."

கூட்ட அறையில் பன்னிரண்டு நாற்காலி, சுவரில் வெள்ளைத் திரை, அதன் பக்கத்தில் மேலாளர். சமையலறைப் பொறுப்பாளர், வாகனப் பொறுப்பாளர் எல்லோரும் வந்திருந்தார்கள். எங்கள் பகுதியின் பக்கம் திரையில் வந்தது. 'கயிறு இழுத்தால் உருளை உடனே நிற்பதில்லை' என்று நான் எழுதிக் கொடுத்ததைக் காணோம். அந்த இடத்தில், 'ஸ்டாப்பிங் பெர்ஃபார்மன்ஸ்: இம்ப்ரூவ்மென்ட் ஜர்னி' என்று இருந்தது. பக்கத்தில், எல்லாம் சரியாக இருக்கிறது என்பதுபோல், பச்சையாக ஒரு வட்டம்.

எழுந்து நின்றேன்.

"சார், உருளை நிக்க மாட்டேங்குது. மூணு சாண் போகுது."

"உங்க பாயின்ட் வேலிட்மா. ஸ்டேக்ஹோல்டர்ஸ் எல்லாரும் அலைன் ஆகணும். அடுத்த குவார்ட்டர்ல இதுக்குத் திரும்ப வரலாம்."

"எப்ப வருவீங்க? கை போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றிப் போனேன். திரையைக் காட்டுவதற்காக அவர் வலது கையை நீட்டியிருந்தார். அந்தக் கையைப் பிடித்தேன். அவருடைய நடுவிரல் நுனியில் என் கட்டைவிரலை வைத்து, சுண்டுவிரல் வரை விரித்தேன்.

"இது ஒரு சாண். மணிக்கட்டு தாண்டிடுச்சு."

மறுபடி வைத்தேன். "ரெண்டு. முழங்கை கிட்ட வந்தாச்சு."

மறுபடி. என் சுண்டுவிரல் அவருடைய சட்டைக் கையின் மேல், புஜத்தில் போய் நின்றது.

"இது மூணு. இதுவரைக்கும் போன பிறகுதான் அது நிக்கும், தம்பி. உள்ள என்ன சூடுன்னு உங்களுக்கே தெரியும். அங்க நிக்கிறது என் மருமக. அவளுக்கு அஞ்சு வயசுல ஒரு பொண்ணு இருக்கா, தினமும் தலை பின்னி விடணும். ஜர்னி வேண்டாம். மெஷினை நிறுத்துறீங்களா, இல்லையா?"

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் விரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துறோம்" என்றார்.

மூன்று நாள் உருளை ஓடவில்லை. விரிப்புகளைக் கையால் உதறி, இழுத்து மடித்து அனுப்பினோம். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. சுருக்கம் சுருக்கம் என்று மேலே வார்டுகளிலிருந்து ஓயாமல் போன். வியாழக்கிழமை மெக்கானிக் பிரேக்கை மாற்றி முடித்தார். மேலாளர் தானே கீழே இறங்கி வந்தார். என் சிவப்புக்கோட்டுத் துணியை உருளையில் கொடுத்து, தானே கயிற்றை இழுத்தார். துணியை வெளியே எடுத்துத் தன் கையால் அளந்தார்.

"கரெக்டா அரைச் சாண்!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. மெக்கானிக் ஸ்பேனர்களைப் பைக்குள் போடத் தொடங்கினார்.

"உங்க கை பெருசு சார்" என்றேன். "அங்க நிக்கிறவ கையால அளக்கணும்."

மருமகளைக் கூப்பிட்டேன். கூடத்திலேயே சின்னக் கை அவளுடையது. எந்த அளவு கையுறை வாங்கினாலும் அவளுக்குத் தொளதொளக்கும். தயங்கித் தயங்கி வந்து துணியின் மேல் விரல்களை விரித்தாள். அவளுடைய அரைச் சாண் முடிந்த பிறகும் இரண்டு விரல் அளவு துணி மிச்சமிருந்தது.

மெக்கானிக் பெருமூச்சு விட்டார். எல்லோரும் மேலாளரைப் பார்த்தார்கள். நான் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த சண்டைக்குத் தயாராக நின்றேன்.

அவர் குனிந்து அந்த இரண்டு விரல் துணியைத் தொட்டுப் பார்த்தார். என் நோட்டைக் கேட்டு வாங்கினார். 'அரைச் சாணுக்கு மேல் இரண்டு விரல் போகிறது. ஓட்டக் கூடாது' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். அதற்குள் சுவரில் இருந்த போன் மறுபடி அடித்தது. நான் எடுக்கப் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"சலவைக்கூடம்தான். இன்னைக்கும் விரிப்பு சுருக்கத்தோடதான் வரும். மெஷின் இன்னும் சரியாகல. கை மாட்டினா நிக்காது" என்றார்.