செந்தூரில் குளிக்காதவன்

"கடலுக்குப் போயிட்டு வாறோம்" என்று வீட்டில் சொன்னதுதான் ஹரி செய்த தப்பு. கோவில்பட்டியில் கடல் என்றால் திருச்செந்தூர். திருச்செந்தூர் என்றால் குடும்பம் மொத்தமும்.

அவன் நினைத்திருந்தது மணப்பாடு. சனிக்கிழமை கிளம்பி ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஞாயிறு சாயங்காலம் திரும்புவது. அவனும் மனைவி விஜியும் மட்டும். மணல்மேட்டின் உச்சியில் ஒரு தேவாலயம், அதற்குக் கீழே கடல் உள்ளே வந்து குளம் மாதிரி கிடக்கும் இடம். போனில் அந்தப் படத்தை விஜி பலமுறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டாள்.

"மணப்பாட்டுல என்னலே இருக்கு?" என்று கேட்டார் அப்பா தங்கசாமி.

"கடல் இருக்குப்பா."

"அது செந்தூர்லயும் இருக்குல்லா."

"இது சும்மா பாக்கதுக்கு."

"சும்மா பாக்கதுக்கு இம்புட்டுத் தூரம் டீசல் போட்டுப் போவாவளா யாராச்சும்?"

அந்த நேரம் பார்த்து, அடுத்த தெருவில் இருக்கும் தங்கசாமியின் தங்கை பத்திரகாளி, தோசை மாவுக்கு வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"செந்தூர் வழியாப் போயிட்டு முருகனப் பாக்காம வந்தா, அவரு என்ன நினைப்பாரு?"

"நாங்க செந்தூர்ல இறங்கலியே அத்தை. நேரா போறோம்."

"அதத்தான் சொல்லுதேன். வீட்டு வாசல் வழியாப் போயிட்டு எட்டிப் பாக்காமப் போறது என்ன பழக்கம்? சரி, எத்தன மணிக்குக் கிளம்புதோம்?"

அத்தோடு முடிந்தது. தங்கசாமி நடத்துவது ஒரு சின்னத் தீப்பெட்டி ஆபீஸ்; தீப்பெட்டித் தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை அதற்கு லீவு. ஹரியின் அம்மா சுந்தரேஸ்வரி புளியை ஊறப் போட்டாள். காரில் ஐந்து பேர் உட்கார இடம் இருந்தது, ஐந்து பேரும் ஆகிவிட்டது.

விஜி ராத்திரி அறைக் கதவைச் சாத்திவிட்டு ஹரியை முறைத்தாள்.

"பிரெண்டு கல்யாணம்னு சொல்லியிருக்கலாம்லா நீங்க."

"அப்படிச் சொன்னா யாரு பிரெண்டு, எந்த ஊரு, என்ன செய்முறைன்னு கேப்பாவ."

"இப்பம் மட்டும் என்ன. எல்லார் கண்ணு முன்னாலயும் ரெண்டு நாள் நான் எப்படிச் சமாளிப்பேன்?"

சமாளிக்க வேண்டிய சங்கதி அவள் வயிற்றில் இருந்தது. இரண்டு மாதம். அது அவர்கள் இரண்டு பேருக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

போன வருஷமும் இப்படித்தான் இரண்டு மாதம் என்றார்கள். அன்றைக்கே வீடு முழுக்கச் சொல்லி, தெரு முழுக்கச் சொல்லி, தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் அது நிற்கவில்லை. சந்தோஷத்தைச் சொல்ல எல்லோரும் சேர்ந்து ஓடினார்கள். இல்லை என்று சொல்லும் வேலை மட்டும் விஜிக்கு வந்தது. மருந்துக் கடையில், அவள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில், பஸ்ஸில், "எத்தனாவது மாசம்?" என்று சிரித்த முகத்தோடு கேட்ட ஒவ்வொருவரிடமும் அவள்தான் சொன்னாள். கேட்டவர்கள் முகம் சுருங்குவதையும் அவள்தான் பார்த்தாள்.

அதனால் இந்தத் தடவை ஐந்தாம் மாதம் வரைக்கும் ஒருவருக்கும் சொல்வதில்லை என்று தீர்மானித்திருந்தாள். பெற்ற அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை எட்டயபுரம் தாண்டியதுமே அவளுக்கு வாயில் நீர் ஊறத் தொடங்கியது. கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்தபடி வந்தாள். உழுது போட்ட கரிசல், கறுப்புக் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்னட்டி, காரு ஒத்துக்கலையோ?" என்றாள் பத்திரகாளி. ஹரிக்கு அத்தையான அவள், முறைப்படி விஜிக்குச் சித்தி.

"மத்தியானம் சாப்பிடாம வந்துட்டேன் சித்தி."

"சாப்பிடாம வந்தா பசிக்கும். குமட்டவா செய்யும்?"

முன் சீட்டில் இருந்த தங்கசாமி பாதி திரும்பினார். "உன் புளியோதரை வாசம் அப்படி. எனக்கே குமட்டுது."

"அது உங்க பொண்டாட்டி கிண்டினது அண்ணாச்சி. எம்மேல போடாதீங்க."

சுந்தரேஸ்வரி பையைத் துழாவி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து விஜியின் மடியில் வைத்தாள். விஜி அதை முகர்ந்துகொண்டே தூத்துக்குடியைத் தாண்டினாள்.

மணப்பாட்டுக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. படத்தில் பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. மேட்டு மேலே வெள்ளைத் தேவாலயம். ஒரு பக்கம் அலை, மறு பக்கம் அசையாத தண்ணீர். பையன்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு அலைக்கு எதிரே ஓடினார்கள்.

தங்கசாமி காற்றைக் கையால் தொட்டுப் பார்ப்பதுபோல விரல்களைத் தேய்த்தார். "இந்த ஈரக் காத்துல ஒரு குச்சி பத்தாது. இங்கன ஆபீஸ் போட்டவன் தெருவுலதான் நிப்பான்."

"இங்கன யாரும் ஆபீஸ் போட வரல அண்ணாச்சி. வாங்க, மேல ஏறிக் கோயிலப் பாத்துட்டு வருவோம். மாதா கோயில்னாலும் சாமிதான்" என்று பத்திரகாளி அவரை இழுத்துக்கொண்டு போனாள். சுந்தரேஸ்வரியும் பின்னாலேயே ஏறினாள்.

ஹரியும் விஜியும் ஆசைப்பட்ட மணப்பாடு கால் மணி நேரம் அவர்களுக்குக் கிடைத்தது. மணலில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் சண்டை வந்தது.

"செருப்பக் கழட்டிட்டுக் கால நனைச்சா என்ன?" என்றாள் விஜி.

"வேண்டாம்."

"கால் நனைக்கதுக்குக் கூடவா?"

ஹரி தண்ணீரைப் பார்க்காமல் சொன்னான். "பொண்டாட்டி மாசமா இருக்கும்போது புருஷன் கடல்ல குளிக்கக் கூடாது. பெரியவிய சும்மாவா சொல்லி வச்சாவ."

"நீங்க பி.இ. படிச்சிருக்கீங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு? போன தடவ நான் பிரெண்ட்ஸோட வந்து செந்தூர்ல குளிச்சேன். உனக்கு நெனப்பு இருக்கா? அதுக்கு அடுத்த வாரம்தான்…"

விஜிக்குக் கோபம் போய்விட்டது. இத்தனை நாள் இதை அவன் சொன்னதே இல்லை.

"டாக்டரம்மா என்ன சொன்னாவ? யாரு செஞ்சதாலயும் இல்லைன்னு சொன்னாவல்லா."

"சொன்னாவ."

"பின்ன?"

"அவிய சொன்னது உனக்கு. என்கிட்ட யாரும் சொல்லல."

அவள் அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரி" என்றாள் பிறகு. "ஆனா நாளைக்கு என்ன செய்வீங்க? செந்தூர்ல குளிக்காம யாரு கோயிலுக்குப் போறா? நீங்க குளிக்காம நின்னா, நீங்களே மைக்கு போட்டுச் சொன்ன மாதிரிதான். சித்திக்கு அஞ்சு நிமிஷம் ஆகாது கணக்குப் போட."

"சளின்னு சொல்லுவேன்."

"தும்மல் வருமா?"

"வரவழைப்பேன்."

அவன் அங்கேயே ஒரு தும்மல் தும்மிக் காட்டினான். பூனை தும்மிய மாதிரி இருந்தது. விஜி சிரித்தாலும், பயம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்செந்தூர்க் கடலில் தலைகள்தான் தெரிந்தன. விஜி ராத்திரி தங்கிய விடுதி அறையிலேயே குளித்துவிட்டு, தலை காயாது, பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள். பத்திரகாளி அவளை விட்டுவிட்டாள். ஹரியை விடவில்லை.

"சட்டையக் கழட்டுலே."

"எனக்குச் சளி அத்தை. நானும் ரூம்லயே குளிச்சுட்டேன்."

"செந்தூருக்கு வந்து ரூம்ல குளிச்சவன் நீ ஒருத்தன்தான். சளிக்குக் கடல் தண்ணிதாம்லே மருந்து."

"உப்புத் தண்ணி, தொண்டைக்கு…"

"மோட்டார் ரூம் மேல நின்னு கிணத்துல தலைகீழாக் குதிச்ச பய. இழுத்து வெளிய போடுததுக்குள்ள எங்களுக்கு உசிரு போகும். இன்னைக்கு என்னமோ தண்ணியக் கண்ட கோழி மாதிரி நிக்கான். அண்ணாச்சி, இதப் பாத்தீங்களா?"

"புள்ளைக்கு வயசாயிட்டு" என்றார் தங்கசாமி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி. "முட்டு வலியா இருக்கும்."

ஹரி தும்மினான். அதை யாரும் தும்மல் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

பத்திரகாளி அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவன் குதிகாலை மணலில் ஊன்றினான். அவள் சிரித்துக்கொண்டே இழுத்தாள், அவன் சிரிக்காமல் நின்றான். இழுத்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, கரையில் பைகளுக்கு நடுவே காய்ந்த தலையோடு நின்ற விஜியைப் பார்க்கத் தொடங்கினாள். அவள் வாய் ஏதோ கேட்கத் திறந்தது.

விஜி கீழே குனிந்து, இல்லாத எதையோ பைக்குள் தேடினாள்.

"காளி" என்று கூப்பிட்டாள் சுந்தரேஸ்வரி. "அவன் கிடக்கான், விடு. என்னைக் கூட்டிட்டுப் போ. நான் முங்கணும்."

தங்கசாமி தண்ணீருக்குள் நின்றபடியே திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுந்தரேஸ்வரி செந்தூர்க் கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. எப்போதும்வென்றான் என்னும் கரிசல் ஊரில் பிறந்தவளுக்குக் குடத்தில் இருக்கும் தண்ணீர்தான் தண்ணீர். அலை பின்வாங்கும்போது ஓடிப்போய் உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு ஓடி வந்துவிடுவாள். அதுதான் அவள் கடல் குளியல்.

"மைனி, நீங்களா? நெசமாவா சொல்லுதீங்க?"

"நெசமாத்தான். வாரியா, நான் தனியாப் போகட்டா?"

பத்திரகாளி ஹரியின் கையை விட்டாள். இந்தக் காட்சியைத் தவறவிடும் ஆள் இல்லை அவள். நாத்தனாரும் மைனியும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். முழங்கால் வரைக்கும் சுந்தரேஸ்வரி கண்ணைத் திறந்துகொண்டு போனாள். அப்புறம் மூடிக்கொண்டாள். "முருகா, முருகா" என்றது கரை வரைக்கும் கேட்டது.

கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் அலை வந்ததை அவள் பார்க்கவில்லை. அது அவளைக் காலோடு வாரிக் கவிழ்த்தது. கை நழுவிப் பத்திரகாளி ஒரு பக்கம் சாய்ந்தாள். சுந்தரேஸ்வரி அரக்குச் சேலையோடு நுரைக்குள் காணாமல் போனாள்.

"அம்மா" என்று ஹரி செருப்பை உதறிவிட்டு ஓடினான்.

அலை வடிந்த இடத்தில், முடி முகத்தை மூட, வாயிலிருந்து உப்புத் தண்ணீர் வழிய, சுந்தரேஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள். முடியை ஒதுக்கினாள். மகன் ஓடி வருவதைப் பார்த்தாள். மூச்சு முழுசாகத் திரும்புவதற்கு முன்னால் கத்தினாள்.

"ஏலே, இறங்காத. அங்கனயே நில்லு. தண்ணியில கால வைக்காத."

ஈர மணலின் விளிம்பில் ஹரி நின்றுவிட்டான். பின்னாலேயே ஓடி வந்த விஜியும் நின்றுவிட்டாள்.

தங்கசாமிதான் போய் மனைவியைத் தூக்கி நிறுத்தினார். பத்திரகாளி இருமிக்கொண்டே கேட்டாள். "மைனி, தூக்க வந்த புள்ளைய எதுக்கு வராதன்னீங்க?"

"காரு சாவி அவன் பையிலல்லா இருக்கு. நனைஞ்சிரும்."

"சாவியா?"

"எல்லாருடைய போனும் அவன்கிட்டதான் இருக்கு. உன் போனும்தான். போன மாசம் வாங்கினது."

பத்திரகாளிக்குப் போன் என்றதும் வேறு யோசனை ஓடவில்லை. "ஏலே ஹரி, தள்ளி நில்லு. இன்னும் தள்ளி" என்றாள்.

"சரியான குடும்பம்" என்றார் தங்கசாமி. "பெத்தவ முங்குதா, சாவிக்குக் கவலை. அத்தைக்காரிக்குப் போன் கவலை. என்னப் பத்தி யாருக்காச்சும் கவலை இருக்கா? இவளத் தூக்கி எனக்கு இடுப்புப் பிடிச்சிட்டு."

சேலை மாற்ற, விஜிதான் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனாள். தகரக் கதவு போட்ட சின்ன அறை, தாழ்ப்பாள் இல்லை. விஜி உள்ளே நின்று முதுகால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சுந்தரேஸ்வரி முந்தானையைப் பிழிந்தாள்.

"பயந்துட்டீங்களா அத்தை?"

"பயமா? உள்ள போன நேரம் கண்ணுக்குள்ள எங்க அய்யாவப் பாத்தேன். அவரு போய்ச் சேந்து இருவது வருஷம்."

விஜி துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே மெல்லக் கேட்டாள். "சாவி நனைஞ்சா என்ன அத்தை? தொடச்சாப் போச்சு."

"ஆமா. தொடச்சாப் போச்சு."

துண்டு நின்றது.

"உங்களுக்கு எப்பம் தெரியும்?"

"என்னது?" சுந்தரேஸ்வரி அவள் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதே. நீ என்னைக்குச் சொல்லுதியோ, அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்."

விஜிக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். சுந்தரேஸ்வரி ஈரக் கையை அவள் வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"மெதுவா. எனக்கு ஒரு அவசரமும் இல்ல. உனக்கு மனசு தெளியட்டும்."

விஜி மூக்கை உறிஞ்சினாள். "சொல்லும்போது ஆச்சரியப்படுவீங்களா?"

"பின்ன? வாயில கைய வச்சு, ஏ அப்பான்னு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்படி. வேணும்னா இப்பமே ஒரு தடவ செஞ்சு காட்டட்டா?"

செய்தும் காட்டினாள். நனைந்த பாவாடையோடு, கண்ணை அகட்டி, வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து விஜிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மாமியாரின் ஈரத் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்சம் அழவும் செய்தாள்.

வெளியே தகரக் கதவு தட்டப்பட்டது.

"உள்ள என்ன சிரிப்பு மைனி? எனக்குச் சொல்லக் கூடாதா? நானும் வாரேன்."

"வராத காளி. நான் இன்னும் சேல கட்டல" என்று குரல் கொடுத்துவிட்டு, சுந்தரேஸ்வரி விஜியின் காதுக்குக் குனிந்தாள்.

"ஊருக்கெல்லாம் எப்பம் சொல்லுதியோ சொல்லு. இவளுக்கு மட்டும் அதுக்கு ஒரு மாசம் கழிச்சு."